எதிர்வீட்டுக்கு ஒரு நிறம்

கண்ணாடிக்காரர் பிறந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இரண்டு தொட்டில்கள் இருந்தனவாம். மற்றக் குழந்தைகள் பசிக்கு அழும். இவர் தலையைத் திருப்பி, பக்கத்துத் தொட்டிலில் விரித்திருந்த பூப்போட்ட துணியைப் பார்த்துவிட்டுத்தான் முதல் அழுகையை ஆரம்பித்தார் என்று அவருடைய அத்தை சொல்லுவாள். அத்தை எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவள்தான். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் பத்தை ஒன்றாகக் குறைத்துச் சொல்லியிருப்பாள் என்பது அவரோடு பழகிய எல்லோருடைய அபிப்பிராயமும்.

அவருடைய பொறாமையில் ஒரு ஒழுங்கு உண்டு. பெரிய கார் வைத்திருப்பவர்களையும் பங்களாவில் குடியிருப்பவர்களையும் பார்த்து அவருக்கு ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை. "அவங்க கொடுத்து வச்சவங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்று பெருந்தன்மையோடு விட்டுவிடுவார். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவன் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் பென்சில் தன்னுடையதைவிட நீளமாக இருந்துவிடக் கூடாது என்று, ஒரு வருஷம் முழுக்கத் தன் பென்சிலைச் சீவாமலே வைத்திருந்தார். பாடம் ஒன்றும் எழுதவில்லை, நீளத்தில் ஜெயித்தார்.

வளர்ந்து, கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொடுக்கும் தொழிலுக்கு வந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுவரில் எழுத்துப் பலகை, எதிரே உயரமான நாற்காலி, பக்கத்தில் சட்டங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, முகம் பார்க்க ஒரு ஆள் உயரக் கண்ணாடி. வருகிறவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா? முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தொழிலில் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்பது தாண்டிய பெரியவர் யாராவது கடைசி வரிப் பொடி எழுத்தை வெறுங்கண்ணால் கடகடவென்று படித்துவிட்டால் கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடாது. அன்று முழுக்க அவர் விடுகிற பெருமூச்சில் அலமாரியில் இருக்கிற அத்தனை கண்ணாடியிலும் ஆவி படிந்துவிடும். துடைத்துத் துடைத்து அவர் மனைவிக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தானா அப்படி ஒரு சகலை வந்து வாய்க்க வேண்டும்!

மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதர் லிஃப்டு மெக்கானிக். பாதியில் நின்றுபோனதை மேலே ஏற்றிவிடுவது தொழில் என்பதாலோ என்னவோ, அவரும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே இருந்தார். தலையில் முடி அப்படியே காடு மாதிரி. மாமியார் வீட்டில் கண்ணாடிக்காரர் தட்டை நீட்டிக் கேட்டால்தான் இரண்டாவது முறை குழம்பு வரும். லிஃப்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று தட்டைக் கையால் மூடினாலும் விரலிடுக்கில் ஊற்றுவார்கள். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த மனிதர் ஒரு நல்ல மனிதராக வேறு இருந்து தொலைத்தார். வாய்க்கு வாய் "அண்ணே, அண்ணே" என்பார். கொஞ்சம் கர்வம், கொஞ்சம் கெட்ட புத்தி என்று ஏதாவது இருந்திருந்தால் கண்ணாடிக்காரருக்குப் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

அந்த லிஃப்டுக்காரர் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நேர் எதிரே, எட்டடி அகலச் சந்துக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு, மாடியும் பால்கனியுமாகக் கட்ட ஆரம்பித்தார். "அக்காவும் தங்கச்சியும் எதிரெதிரே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று குடும்பமே பூரித்தது. கண்ணாடிக்காரருக்கு ஒவ்வொரு செங்கலும் நெஞ்சின் மேல் ஏறியது. ஜன்னல் வைத்தார்கள், பெரிய ஜன்னல். கதவு வைத்தார்கள், ரெட்டைக் கதவு. பால்கனிக்குக் கம்பி வைத்த அன்று அவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

கடைசியில் எதிர்வீட்டில் பூச்சு வேலை முடிந்து, பெயிண்டு மட்டும்தான் பாக்கி என்று ஆனபோது, அவருக்கு ஒரு யோசனை வந்தது. மாடியில் ஜெயிக்க முடியாது. கதவில் ஜெயிக்க முடியாது. ஆனால் நிறத்தில் ஜெயிக்கலாம் அல்லவா? தன் வீட்டுக்கும் இப்போதே பெயிண்டு அடித்துவிட வேண்டும். சந்தில் போகிறவர்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது அந்தப் பக்கம் திரும்பாமல் இந்தப் பக்கம் திரும்பி, நின்று, "ஆகா!" என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் காதால் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

நிறம் தேடத் தொடங்கினார். பெயிண்டுக் கடையில் இருந்த மாதிரி அட்டைகள் அத்தனையும் வீட்டுக்கு வந்தன. காலையில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை, விளக்குப் போட்டு ஒரு தடவை சுவரில் ஒட்டிப் பார்ப்பார். வலது கண்ணை மூடிப் பார்ப்பார், இடது கண்ணை மூடிப் பார்ப்பார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் அவள் சேலையோடு ஒரு அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்ஹூம்" என்பார். கடைசியில் ஒரு பச்சை அகப்பட்டது. பச்சை என்று சொன்னால் போதாது. மழை பெய்து ஓய்ந்த பிறகு இளம் இலையின் பின்பக்கத்தில் ஒரு நிறம் இருக்குமே, தொட்டால் கை சில்லென்று ஆகிவிடுமோ என்று தோன்றுமே, அது. பார்த்ததும் கண்ணாடிக்காரருக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து லிஃப்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"அண்ணே, எங்க வீட்டுக்கும் நீங்கதான் கலர் பாத்துச் சொல்லணும். எனக்கு கறுப்புக்கும் வெளுப்புக்கும் மேல ஒண்ணும் தெரியாது. கண்ணுன்னா நீங்கதானே!"

கண்ணாடிக்காரருக்கு மூக்கில் வேர்த்தது. "அதுக்கென்ன சகல, செஞ்சிட்டாப் போச்சு" என்றார், தேன் ஒழுக.

லிஃப்டுக்காரரின் புது வீட்டு முன்னறையில், சிமெண்டு வாசனைக்கு நடுவே நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லிஃப்டுக்காரரும் அவர் மனைவியும் ஒரு பக்கம். கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் ஒரு பக்கம்.

"எனக்கு வெள்ளைன்னா பிடிக்கும் மாமா" என்றாள் தங்கச்சிக்காரி.

"வெள்ளையா? வீடு கட்டியிருக்கீங்களா, ஆஸ்பத்திரி கட்டியிருக்கீங்களா? ராத்திரி யாராவது வயித்துவலின்னு வந்து கதவைத் தட்டப்போறான்."

லிஃப்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளை அதோடு போயிற்று.

பிறகு கண்ணாடிக்காரர் தன் தொழிலைக் காட்டினார். இரண்டு இரண்டு அட்டைகளாக எடுத்துச் சகலையின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதுவா, அதுவா?" வலது கையில் எப்போதும் ஒரே அட்டை: நன்றாகப் பழுத்து, வெடிக்கப் போகிற பூசணிக்காயின் உட்புறம் மாதிரி ஒரு ஆரஞ்சு. இடது கையில் ஒவ்வொரு தடவையும் அதைவிட மோசமான ஒன்று. சேற்று நிறம் வந்தது, பூசணி பரவாயில்லை. அடிபட்டுக் கன்றிப்போன ஊதா வந்தது, பூசணி பரவாயில்லை. துருப்பிடித்த இரும்பு வந்தது, சளிப் பச்சை வந்தது. எல்லாவற்றுக்கும் பூசணியே பரவாயில்லை. விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு ஒரு கட்டத்தில் கண் களைத்துப்போகும், வாய் மட்டும் பதில் சொல்லும் என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியாதா?

"அதேதான் அண்ணே. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான் நல்லா இருக்கு!" என்றார் லிஃப்டுக்காரர், தானே கண்டுபிடித்த மாதிரி.

"உன் ரசனையே ரசனை சகல!"

கண்ணாடிக்காரரின் மனைவி வெளியே வந்ததும் வராததுமாக அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க இது அநியாயம்? என் தங்கச்சி என்ன பாவம் பண்ணினா?"

"அவன்தானே சொன்னான். நான் கேள்விதானே கேட்டேன்?"

"நீங்க கேள்வி கேட்ட லட்சணம் எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாவை இப்படித்தானே மோதிரத்தை மாத்த வச்சீங்க!"

பெயிண்டர் வந்தார். இரண்டு வீட்டுக்கும் அவரே. ஒரு காலை ஏணியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு பேசுகிற மனிதர். பூசணி அட்டையைப் பார்த்துவிட்டு, "சார், அட்டையில கட்டைவிரல் அகலம் இருக்கிறப்ப சும்மா முணுமுணுக்கும். சுவர் முழுக்க ஏறிச்சுன்னா கத்தும்" என்றார்.

"கத்தட்டும். நல்லாக் கத்தட்டும். நீ சுவருக்கு வெள்ளைப் பட்டி பாக்கிற வேலையைப் பாரு" என்றார் கண்ணாடிக்காரர்.

முதலில் எதிர்வீடு முடிந்தது. அது கத்தவில்லை, கர்ஜித்தது. சந்துக்குள் வந்த நாய்கள் அதைப் பார்த்துக் குரைத்தன. ஒரு பஞ்சு மிட்டாய்க்காரர் தன் சரக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று நொந்துகொண்டு வேறு தெருவுக்குப் போனார். விமானம் ஓட்டுகிறவர்கள் அதை அடையாளம் வைத்துத் திரும்புவதாகக்கூடப் பேச்சு. அடுத்து கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் பச்சை ஏறியது. சாரத்தைப் பிரித்த அன்று மாலை, சந்து வழியாக வந்த தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். வலது பக்கம் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார். இடது பக்கம் திரும்பினார். சைக்கிளை விட்டு இறங்கியே விட்டார்.

"ஆகா! இதல்லவா கலர்!"

கண்ணாடிக்காரர் அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். படுக்கையில் படுத்துக்கொண்டும் சிரித்தார்.

அவருடைய ராஜ்யம் அந்த ஒரு மாலையோடு சரி.

மறுநாள் காலையில், சாரத்துச் சாக்குப் படுதாவின் மறைப்பு இல்லாத முதல் காலையில், சூரியன் இவர் வீட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து எதிர்வீட்டின் முகத்தில் முழுசாக விழுந்தது. அங்கே விழுந்தது அங்கேயே நிற்குமா? எட்டடிச் சந்தைத் தாண்டி அப்படியே கண்ணாடிக்காரர் கடைக்குள் பாய்ந்தது. வெள்ளைச் சுவர் ஆரஞ்சு. எழுத்துப் பலகை ஆரஞ்சு. மேஜை மேல் இருந்த டம்ளர் பால் ஆரஞ்சு. நாற்காலியில் உட்கார்ந்த ஒரு வாத்தியார், வில்லையை எப்படி மாற்றிப் போட்டாலும், "எழுத்து தெரியுது சார். ஆனா எல்லாம் பழுத்துப்போய்த் தெரியுதே!" என்றார். புதுச் சட்டம் எடுக்க வந்த அம்மாள் ஆள் உயரக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, எனக்குக் காமாலை கண்டிருக்கு!" என்று அலறி, கடையை விட்டு நேராக டாக்டரிடம் ஓடினாள். திரை கட்டிப் பார்த்தார். திரை இன்னும் அழகாகப் பற்றிக்கொண்டு எரிந்தது.

"நல்லாத் தெரியுதா?" என்று மனைவி கேட்டாள். "இதுவா, அதுவா?"

கண்ணாடிக்காரர் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் மாலையில் சட்டையை மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் புறப்பட்டார். சகலையிடம் பக்குவமாகப் பேசி நிறத்தை மாற்றச் சொல்லிவிட வேண்டியதுதான்.

லிஃப்டுக்காரர் மாடிப் பால்கனியில் இருந்தார். இரண்டு சாய்வு நாற்காலி, அதில் ஒன்றில் அவர், கால் மேல் கால்.

"வாங்க வாங்க அண்ணே! உக்காருங்க. உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அங்க பாருங்க!"

கண்ணாடிக்காரர் பார்த்தார். சாய்ந்த வெயில் இப்போது அவர் வீட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பச்சை, பச்சையாக இல்லை. உள்ளே ஏதோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி, ஒரு குளம் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. அவர் அதை இந்த இடத்திலிருந்து பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பார்? அவர்தான் அதற்குள்ளேயே குடியிருக்கிறாரே.

"நாள் முழுக்க இருட்டு லிஃப்டுக்குள்ள கிரீஸோட கிடந்துட்டு வர்றேன். இங்க வந்து பத்து நிமிஷம் உங்க வீட்டைப் பாத்தா தலைவலி, உடம்புவலி எல்லாம் போயிடுது அண்ணே. எங்களுக்காகவே அடிச்ச மாதிரி இருக்கு."

கண்ணாடிக்காரர் வயிற்றில் யாரோ அடுப்பை மூட்டினார்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணை மூடித் தேடி எடுத்தது யார்? அதைக் கால் மேல் கால் போட்டு அனுபவிப்பது யார்? இருந்தாலும் வந்த காரியத்தை விடவில்லை.

"சகல, உன் வீட்டு கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கோ? வேணும்னா மாத்திடலாமே. வெள்ளைகூட நல்லாத்தான் இருக்கும்."

"என்ன அண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க!" லிஃப்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க பாத்துப் பாத்து எடுத்துக் கொடுத்த கலர் அது. அத்தனை தடவை கேட்டுக் கேட்டு எடுத்தீங்க. என் கூடப் பிறந்தவன்கூட அப்படிப் பொறுமையா உக்காந்திருக்க மாட்டான். எவன் என்ன சொன்னாலும் சரி, நான் இருக்கிற வரைக்கும் இந்தச் சுவர்ல வேற கலர் ஏறாது."

தங்கச்சிக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். "எங்களுக்கு என்ன மாமா கஷ்டம்? வீட்டுக்குள்ள இருக்கிற எங்களுக்கு அது தெரியவா போகுது?" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தையே ஒரு வினாடி பார்த்தாள். "சர்க்கரை போதுமா மாமா?"

கண்ணாடிக்காரர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மாடியை விட்டு இறங்கினார்.

அன்று இரவு அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. ஆரஞ்சு வெளிச்சத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார் போலிருந்தது. கடையைப் பின்னறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சாய்வு நாற்காலிதான் தொண்டையில் முள்ளாக நின்றது. தான் பார்க்க முடியாத ஒன்றை அவன் தினமும் பார்க்கிறான். இதுவரைக்கும் அவனிடம் இருந்ததையெல்லாம் நினைத்துப் பொறாமைப்பட்டாகிவிட்டது. இப்போது தன்னிடம் இருப்பதையும் அவனே எடுத்துக்கொண்டான்!

விடிந்ததும் பெயிண்டருக்கு ஆள் போயிற்று.

"என்ன சார், ஏதாவது விரிசலா?"

"விரிசலும் இல்லை, ஒண்ணும் இல்லை. முன் சுவரை மாத்தி அடிக்கணும்."

"என்ன கலர்?"

"பாத்தா தலைவலி வரணும். அந்த மாதிரி கலர்."

பெயிண்டர் ஏணியிலிருந்த காலையும் தரையில் வைத்தார். "சார், இந்தப் பச்சையைப் பாக்க நாலு தெரு தள்ளி இருந்து ஆள் வருது. இப்பத்தான் ஒருத்தர் என்கிட்ட இதே கலர் வேணும்னு கேட்டுட்டுப் போறார்."

மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். "உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா? ஊரே நம்ம வீட்டைப் பாத்து ஆகாங்குது. அதுதானே வேணும்னு தவம் கிடந்தீங்க?"

"அவன் பாக்கறான்டி."

"கண்ணு இருக்கு, பாக்கறான்!"

"கால் மேல கால் போட்டுக்கிட்டுப் பாக்கறான். ரெண்டு நாற்காலி வேற."

"அப்போ ஒண்ணு செய்யுங்க. நீங்க அந்த வீட்டுக்குக் குடி போங்க, அவங்க இங்க வரட்டும். அப்ப திருப்தியா?"

கண்ணாடிக்காரர் நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தார். யோசித்து, "வேண்டாம். அப்புறம் பச்சை வீடு அவனோடதாயிடும்" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைவலி வருகிற நிறத்துக்கு எங்கே போவது? எதிர்வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பூசணி டின் ஒன்று ஏணிக்கு அடியிலேயே கிடந்தது. பெயிண்டர், "என் கையால நான் இதைச் செய்ய மாட்டேன் சார்" என்று ரோலரைக் கீழே வைத்துவிட்டார். கண்ணாடிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டின்னைத் திறந்து, ரோலரை முக்கி, அந்த மழைக்காலத்து இலையின் குறுக்கே இழுத்தார். இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார் என்று பெயிண்டர் பிற்பாடு சொன்னார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததாகவும் சொன்னார். அது பெயிண்டு நெடியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கோடு இழுக்கும்போது எதிர்வீட்டு ரெட்டைக் கதவு திறந்தது. பனியனோடு, வாயில் பிரஷ்ஷோடு லிஃப்டுக்காரர் வந்து நின்றார். பார்த்தார். பிரஷ் வாயிலிருந்து விழுந்தது.

கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அடி நெஞ்சிலேயே அடித்துவிட்டோம் என்று நினைத்தார்.

"அண்ணே!" லிஃப்டுக்காரர் சந்தை ஒரே எட்டில் தாண்டி வந்து, பெயிண்டு ரோலரோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார். "என் வீட்டு கலரையே உங்க வீட்டுக்கும் அடிக்கிறீங்களா! தபால்காரர் முதற்கொண்டு எல்லாரும் என் வீட்டைப் பாத்துச் சிரிச்சாங்க, எனக்குத் தெரியாதா? வெளியில சொல்லிக்கலை. அது பொறுக்காம, இவ்வளவு அழகான பச்சையை அழிச்சிட்டு... எனக்காகவா அண்ணே!"

சத்தம் கேட்டுத் தங்கச்சிக்காரி ஓடிவந்தாள். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. "கூடப் பிறந்தவங்ககூட இப்படி இருக்க மாட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கண்ணாடிக்காரர் முகத்தில் அசடு வழிந்தது, அதற்கு மேல் பெயிண்டும் வழிந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். எதற்காக என்று கேட்டால் என்ன சொல்வது? மூடிக்கொண்டார்.

படியில் உட்கார்ந்திருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தங்கச்சி போய் அவள் தோளைப் பிடித்தாள். பிடித்தவளும் குலுங்க ஆரம்பித்தாள்.

பிறகு ரோலரைப் பெயிண்டர் வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் முழுச் சுவரும் பூசணியாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சந்தில் இரண்டு வீடும் ஒன்றின் மேல் ஒன்று வெளிச்சத்தை வீசிக்கொண்டே இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறவர் அடுத்த முனையில் காவிச் சட்டையோடுதான் வெளியே வருவார். பறவைகள் பட்டப்பகலிலேயே பொழுது சாய்ந்துவிட்டது என்று கூட்டுக்குத் திரும்புவதாகவும் கேள்வி.

வேலை முடிந்த மறுநாள், பெயிண்டர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, கண்ணாடிக்காரர் சந்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார். தன் வீட்டைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். வலது கண்ணை மூடி ஒரு தடவை, இடது கண்ணை மூடி ஒரு தடவை.

"ஏம்பா, கொஞ்சம் நில்லு."

"என்ன சார்?"

"அவன் வீட்டு ஆரஞ்சு நம்ம வீட்டு ஆரஞ்சைவிடப் பளிச்சுன்னு இருக்கே."

"அங்க வெள்ளைப் பட்டி மேல அடிச்சது சார். இங்க அடியில பச்சை இருக்குல்ல, கொஞ்சம் மங்கித்தான் தெரியும்."

கண்ணாடிக்காரர் ஏணியின் ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இறக்கு. இன்னும் ரெண்டு கோட்டு அடி."